மோட்டார்ஹோமில் டிவியும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியையே வீடாக்கிக்கொண்டு சுற்றும் நண்பர்கள் போன் செய்தால், சுற்றி வளைத்து பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: "டிவி ஓடவே மாட்டேங்குது, ஒரு நிமிஷம் பாரேன்." பார்த்தால் பெரும்பாலும் டிவியில் கோளாறு இருக்காது. தகரப் பெட்டிக்குள் சிக்னல் நுழையாமல் இருக்கும், இல்லையென்றால் பேட்டரி சரிந்திருக்கும். ஆனால் எல்லோரும் முதலில் காசு போடுவது டிவியில்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

வண்டில இன்டர்நெட் வர மொத்தம் எத்தனை வழி இருக்கு?

நான்கு. போனின் ஹாட்ஸ்பாட், சிம் போடும் ரூட்டர், நிறுத்துமிடத்தில் கிடைக்கும் வைஃபை, செயற்கைக்கோள். பெரும்பாலானவர்களுக்கு சிம் ரூட்டர்தான் அடித்தளம். மற்றவை அதற்குத் துணை. செயற்கைக்கோளை முதலிலேயே வாங்கிவிட்டு, ஊருக்குள் நல்ல 4ஜி இருக்கும் இடத்திலும் டிஷ்ஷுக்கு மின்சாரம் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட வேண்டாம்.

போன் ஹாட்ஸ்பாட் போதாதா? எதுக்குத் தனியா ஒரு ரூட்டர்?

வருடத்துக்கு நான்கு வார இறுதிகள் மட்டும் போகிறீர்கள் என்றால் போதும். அதற்கு மேல் என்றால் தொல்லை ஆரம்பமாகும். போனை எடுத்துக்கொண்டு ஒருவர் நடக்கப் போனால் உள்ளே டிவி நின்றுவிடும். மணிக்கணக்கில் ஹாட்ஸ்பாட் ஓடினால் போன் சூடாகும். சில திட்டங்களில் போனுக்கு டேட்டா அளவில்லாமல் இருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும். திட்டத்தின் சின்ன எழுத்துகளைப் படித்துவிடுங்கள்.

முக்கியமான காரணம் வேறு. ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது போன் வண்டிக்குள்ளேதான் இருக்கும். ரூட்டரும் உள்ளேதான் இருக்கும், ஆனால் அதன் ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றிவிடலாம்.

வீட்ல இருக்கற 5ஜி பெட்டியையே கழட்டி எடுத்துட்டுப் போலாமா?

வாங்கும்போது கொடுத்த முகவரியைத் தாண்டி வேலை செய்யாதபடி பூட்டிய திட்டங்கள் உண்டு. பூட்டு இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டிகள் வீட்டு மின்சாரத்தை நம்பிச் செய்தவை. வெளி ஆன்டெனாவுக்குத் துளையும் பலவற்றில் இருக்காது. வண்டிக்கென்று வரும் ரூட்டர் 9 முதல் 30 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஓடும், குலுங்கினாலும் தாங்கும்.

ஸ்மார்ட் டிவிதான் வாங்கணுமா? பழைய டிவி ஒண்ணு சும்மா கிடக்கே.

ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் பழைய டிவியே போதும். ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் அது ஸ்மார்ட் டிவிதான். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடிக்கும். ஸ்மார்ட் டிவியில் சில வருடங்களில் செயலிகளுக்கு அப்டேட் நின்றுபோகும். ஸ்டிக் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பழைய டிவிகளில் அது 0.5 ஆம்பியர்தான் தரும். படத்தின் பாதியில் ஸ்டிக் அணைந்து மறுபடி எழும், நீங்கள் இணையத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வண்டியிலிருக்கும் வேறொரு யுஎஸ்பி சாக்கெட்டில், 1 ஆம்பியராவது தருவதில் போடுங்கள்.

ஒரு படம் பார்த்தா எவ்வளவு டேட்டா போகும்?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு: சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, ஹெச்டியில் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. மற்ற செயலிகளிலும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஹெச்டியில் பார்த்தால் மாதம் 180 ஜிபி. அதையே சாதாரணத் தரத்தில் பார்த்தால் 60 ஜிபி.

வண்டியில் மாட்டுவது 22, 24 அங்குல டிவி. அதில் 4கே பார்ப்பதில் அர்த்தமே இல்லை. வேகமும் பெரிதாக வேண்டாம். 1080 ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 720க்கு 3 போதும். வேகப் பரிசோதனையில் 100 வருகிறதா என்று பார்ப்பதை விட, அந்த 5 விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறதா என்று பாருங்கள்.

நாங்க அவ்வளவு பாக்கறதே இல்ல. ஆனா மாசம் பாதியிலேயே டேட்டா தீந்துடுது. யார் குடிக்கிறாங்க?

போன்கள்தான். வீட்டில் "வைஃபை இருந்தால் மட்டும்" என்று அமைத்துவைத்த வேலைகளெல்லாம் வண்டி வைஃபையைப் பார்த்ததும் கிளம்பிவிடும். எடுத்த படங்களும் வீடியோக்களும் மேலே ஏறும், செயலிகள் புதுப்பிக்கும், மடிக்கணினி நான்கைந்து ஜிபிக்கு ஒரு அப்டேட்டை ஓசையில்லாமல் இறக்கும். ஒவ்வொரு கருவியிலும் வண்டியின் வைஃபையை "மீட்டர்டு" அல்லது "குறைந்த டேட்டா" என்று குறித்துவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

அப்புறம் ஓடிடி செயலிகளுக்குள் போய் தரத்தைக் கைமுறையாகக் குறைத்து வையுங்கள். "ஆட்டோ" என்று விட்டால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அது உயர்ந்த தரத்துக்குத் தாவிவிடும்.

தங்கற இடத்துல இலவச வைஃபை இருக்குன்னு போட்டிருக்கே. அதுல பாத்துக்க முடியாதா?

மதியம் பார்க்கலாம். இரவு எட்டு மணிக்கு எல்லா வண்டிகளும் ஒரே இணைப்பை உறிஞ்சும்போது மின்னஞ்சல் திறந்தாலே பெரிய விஷயம். அப்டேட் இறக்க, அடுத்த நாளுக்கான படத்தைப் பதிவிறக்கி வைக்க, விடியற்காலையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த வைஃபைல டிவியைச் சேர்த்தா லாகின் பக்கமே வரல. போன்ல மட்டும் வருது.

பொது வைஃபைகள் முதலில் ஒரு உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும். டிவிக்கும் பல ஸ்டிக்குகளுக்கும் அதைத் திறக்கத் தெரியாது. வெளி வைஃபையைத் தானே பிடித்து உள்ளே வேறு பெயரில் கொடுக்கும் ரூட்டர் இருந்தால் வேலை எளிது. ரூட்டரை அந்த வைஃபையில் சேருங்கள், உங்கள் போனை ரூட்டரின் வைஃபையில் சேர்த்து உலாவியைத் திறங்கள். லாகின் பக்கம் போனில் வரும், ஒரே முறை உள்ளே போனால் போதும். வெளியிலிருந்து பார்க்க ரூட்டர் ஒன்றுதான் தெரியும், அதனால் "இரண்டு கருவிகள் மட்டும்" என்ற கட்டுப்பாடும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

வெளிய நின்னா போன்ல நல்லா வருது. உள்ள வந்து கதவைச் சாத்தினா செத்துப்போகுது. ஏன்?

அலுமினியத் தகடு ரேடியோ அலையைத் தடுக்கும். வெப்பம் தடுக்க ஒட்டிய வெள்ளித்தாளும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அதே வேலையைச் செய்யும். அலை ஜன்னல் வழியாக மட்டும் திருட்டுத்தனமாக நுழைய வேண்டியிருக்கிறது.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். சிக்னல் அளவு காட்டும் செயலியில், டவர் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115 வந்தால் கும்பிடு போட வேண்டியதுதான். ஒரு நண்பரின் வேனில் படியில் நின்றபோது மைனஸ் 91 இருந்தது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்ததும் மைனஸ் 106. பதினைந்து டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் பத்து டெசிபல் என்பதே பத்து மடங்கு. பதினைந்து என்றால் முப்பது மடங்கு சக்தியை அந்தத் தகரம் தின்றிருக்கிறது.

அப்போ கூரை ஆன்டெனா போடறேன். எதைப் பாத்து வாங்கணும்?

ரூட்டரில் மொபைல் ஆன்டெனாவுக்கு எத்தனை துளை என்று முதலில் எண்ணுங்கள். 4ஜி ரூட்டரில் பெரும்பாலும் இரண்டு, 5ஜியில் நான்கு. ஆன்டெனாவிலும் அத்தனை கேபிள் இருக்க வேண்டும். மைமோ என்று சொல்வது இதைத்தான். ஒரே நேரத்தில் பல பாதைகளில் தரவு வருவதால்தான் வேகம். ஒற்றைக் கேபிள் ஆன்டெனாவை வாங்கிவந்து மாட்டினால், சிக்னல் எண் கூடியும் வேகம் குறையும் கூத்து நடக்கும்.

இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் பிடிக்கும் தட்டையான வகைதான் சரி. டவரை நோக்கித் திருப்பி வைக்கும் திசை ஆன்டெனா தூரம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பம் ஏற்றித் திருப்ப வேண்டும். மூன்றாம் நாளே சலித்துவிடும்.

கேபிள் நீளத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள். மெல்லிய கேபிளாக இருந்தால் மூன்று மீட்டருக்குள்ளேயே சக்தியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதனால் ரூட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆன்டெனாவுக்கு நேர் கீழே வையுங்கள். டிவிக்குத்தான் வைஃபை போகிறதே.

ஆன்டெனா போட்டாச்சு. ஒரு வித்தியாசமும் இல்லையே?

ரூட்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். மொபைல் துளையும் வைஃபை துளையும் வெளியில் ஒரே மாதிரி பித்தளைத் திருகாக இருக்கும். நடுவில் பார்த்தால்தான் வித்தியாசம். ஒன்றில் ஊசி இருக்கும், இன்னொன்றில் ஓட்டை. மொபைலுக்கு வருவது எஸ்எம்ஏ, வைஃபைக்குப் பெரும்பாலும் அதன் தலைகீழ் வகையான ஆர்பி-எஸ்எம்ஏ. மொபைல் துளையில் ஆர்பி-எஸ்எம்ஏ கேபிளை மாற்றி மாட்டினாலும் திருகு அழகாக இறுகும். நடுவில் ஓட்டைக்கு எதிரே ஓட்டை, எதுவும் எதையும் தொடாது. ஒரு நாள் முழுக்க டவரைக் குறை சொல்லிவிட்டு மாலையில் இதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.

கேபிள் சரி என்றால், ஆன்டெனா சோலார் பலகைக்கு ஒட்டியோ ஏசி பெட்டியின் நிழலிலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கூரையில ஓட்டை போட பயமா இருக்கு. வேற வழி இல்லையா?

பயம் நியாயமானது. என் முதல் வண்டியில் துளையைச் சுற்றி சிலிகான் பூசிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அலமாரிப் பலகை உப்பி எழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீர் சொட்டவே இல்லை, காப்புக்குள்ளேயே ஊறியிருந்தது. வண்டிக்கூரைக்கென்று வரும் பாலியூரித்தேன் ஒட்டுப்பசை வேறு, குளியலறை சிலிகான் வேறு. உலோகக் கூரையானால் துளையின் விளிம்பை அரத்தால் மழித்து, துருப்பிடிக்காத பூச்சு கொடுத்து, பிறகுதான் ஆன்டெனாவை இறக்க வேண்டும்.

துளையே வேண்டாம் என்றால், பழைய டிவி ஆன்டெனாவோ சோலார் கம்பியோ இறங்கும் வழி ஏற்கெனவே இருக்கலாம். அதையும் பயன்படுத்த முடியாவிட்டால் ஜன்னலில் ஒட்டும் ஆன்டெனா. கூரை அளவுக்கு வராது, ஆனால் ரூட்டரை அலமாரிக்குள் வைப்பதற்கு எவ்வளவோ மேல்.

சிக்னல் பூஸ்டர்னு ஒண்ணு விக்கிறாங்களே?

பல நாடுகளில் அனுமதியில்லாத பூஸ்டரை வைப்பது சட்டவிரோதம், ஏனென்றால் அது பக்கத்து டவரின் வேலையையே கெடுக்கும். அனுமதி பெற்ற கருவியும் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். நல்ல ரூட்டரும் கூரை ஆன்டெனாவும் இருந்தால் அதற்குத் தேவை வராது.

இதெல்லாம் ஓடினா பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

24 அங்குல டிவி சுமார் 30 வாட், ஸ்டிக் 4 வாட், ரூட்டர் 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். டிவியும் ஸ்டிக்கும் மூன்று மணி நேரம் ஓடினால் 102 வாட்-மணி. ரூட்டர் இரவு பகலாக ஓடினால் 240 வாட்-மணி! பேட்டரியைக் காலி செய்வது டிவி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூலையில் பச்சை விளக்கோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தின்கிறது.

இரண்டையும் கூட்டினால் நாளுக்கு ஏறக்குறைய 28 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம், அதற்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அப்படியானால் ஒரு நாளிலேயே தொடக்கூடியதில் பாதி போய்விட்டது. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் மூன்று நாள் வரும். ரூட்டருக்கு ஒரு சுவிட்ச் வைத்து, தூங்கும்போதும் வெளியே போகும்போதும் அணைத்தாலே நிலைமை மாறிவிடும்.

இன்வெர்ட்டரையும் மறக்காதீர்கள். ஒன்றையும் செருகாவிட்டாலும் 10 முதல் 20 வாட் வரை அது சும்மாவே எரிக்கும். டிவி, ரூட்டர் இரண்டையும் நேராக 12 வோல்ட்டில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

12 வோல்ட் டிவிதானே, நேரா பேட்டரில கொடுத்துடலாமா?

வண்டியின் 12 வோல்ட் ஒருபோதும் 12 ஆக இருக்காது. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும்போது 11க்குப் பக்கத்தில் இறங்கும். வண்டிக்கென்று செய்த டிவி இதைத் தாங்கும். வீட்டுக்கென்று செய்து 12 வோல்ட் அடாப்டரோடு வரும் டிவி சமயத்தில் புகைந்துவிடும். நடுவில் ஒரு வோல்டேஜ் நிலைப்படுத்தி வையுங்கள். சில டிவிகளுக்கு 19 வோல்ட் வேண்டும். அதற்கு ஏற்றிக்கொடுக்கும் கன்வெர்ட்டர் தனி. பின்னால் ஒட்டிய சிட்டையைப் படிக்காமல் வயரை வெட்டாதீர்கள். ஃபியூஸ் கட்டாயம்.

கூரையில ஏற்கெனவே ஒரு டிஷ் இருக்கே. அதுலயே இன்டர்நெட் வராதா?

வராது. அது டிவி ஒளிபரப்பை வாங்க மட்டும்தான், திருப்பி அனுப்பத் தெரியாது. ஆனால் கழற்றி எறிய வேண்டாம். டேட்டா செலவே இல்லாமல் செய்தியும் விளையாட்டும் அதில் வரும், ஸ்ட்ரீமிங்கைப் போல அரை நிமிடம் தாமதமாகவும் வராது.

செயற்கைக்கோள் இணையம் என்று இப்போது பலரும் கேட்பது ஸ்டார்லிங்க். டிவி செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து இணையம் எடுத்தால் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் இல்லை, வீடியோ அழைப்பும் பேசலாம். டவரே இல்லாத இடத்தில் இதற்கு மாற்று கிடையாது. ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். மரத்தடியில் நிழலுக்காக நிறுத்தினால் சில நொடிகளுக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வரும். மின்சாரமும் யோசிக்க வேண்டியது. சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட், மினி 25 முதல் 40 வாட். மேலே போட்ட பேட்டரிக் கணக்கில் ரூட்டருக்குப் பதிலாக இதை வைத்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் போகும் நாட்டில் சேவை இருக்கிறதா, வாங்கிய திட்டம் இடம் மாற விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் முழுசா காட்டுது. ஆனா ராத்திரி மட்டும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

டவர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதில் கூட்டம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் எஸ்ஐஎன்ஆர் என்று ஒரு எண் இருக்கும், இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேலே என்பதை அது சொல்லும். 20க்கு மேல் என்றால் சுத்தம், பூஜ்யத்துக்குக் கீழே என்றால் இரைச்சல். இரவில் இது சரிந்தால் ரூட்டரில் அலைவரிசையைக் கைமுறையாக மாற்றிப் பாருங்கள். 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும் என்பதால் ரூட்டர் பல சமயம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 1800 அல்லது 2600இல் சிக்னல் எண் குறைவாக இருந்தாலும் இடம் தாராளமாக இருக்கலாம்.

வேகப் பரிசோதனையில் நல்ல எண் வந்து வீடியோ மட்டும் எப்போதும் மங்கலாக இருந்தால் அது கூட்டம் இல்லை. சில திட்டங்கள் வீடியோவை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்துகின்றன.

ரெண்டு சிம் போட்டா வேகம் ரெண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. இரண்டு சிம் துளை உள்ள பெரும்பாலான ரூட்டர்களில் ஒன்று விழுந்தால் மற்றது எழும், அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி. ஆனால் இரண்டும் வெவ்வேறு டவர்களைப் பயன்படுத்த வேண்டும். பெயர் வேறாக இருந்தும் அடியில் ஒரே நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனங்கள் உண்டு. அப்படி இரண்டு வாங்கினால் இரண்டும் சேர்ந்தே விழும்.

"இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல"ன்னு செயலி சொல்லுது. காசு கட்டறது நான்தானே!

நெட்ஃபிளிக்ஸ் போன்றவை வீட்டு இணைப்பை வைத்து "இது யார் வீடு" என்று முடிவு செய்கின்றன. பயணத்தில் இருக்கிறேன் என்று தேர்ந்தெடுத்தால் கணக்கின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோ தற்காலிகக் குறியீடு வரும். 15 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மின்னஞ்சல் மகனுடையதாக இருந்து மகன் தூங்கிக்கொண்டிருந்தால் படம் நாளைக்குத்தான். எல்லை தாண்டினால் படங்களின் பட்டியலே மாறும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும்போது பின்னாடி பசங்க பாக்கலாமா?

ஓட்டுபவர் கண்ணில் திரை படாத இடத்தில், பெல்ட் போட்டு உட்கார்ந்து, டேப்லெட்டில் பார்க்கலாம். ஸ்ட்ரீமிங் வேண்டாம், டவர் மாறும் ஒவ்வொரு முறையும் தடுக்கும். பதிவிறக்கியதைக் கொடுங்கள். சுவர் டிவி பயணத்தில் பூட்டியே இருக்கட்டும்.

எல்லாம் செஞ்சும் ஒரு இடத்துல சுத்தமா சிக்னல் இல்ல. அன்னைக்கு என்ன பண்றது?

முதலில் வண்டியைப் பத்து இருபது மீட்டர் நகர்த்திப் பாருங்கள். போனில் ஆர்எஸ்ஆர்பி எண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு சுற்றி நடந்தால், ஒரு பாறையைத் தாண்டியதும் எண் சட்டென்று ஏறும் இடம் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் பதிவிறக்கம்தான்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போனில் இறக்கிய படத்தை டிவிக்கு காஸ்ட் செய்ய (கம்பியில்லாமல் அனுப்ப) முடியாது, ஏனென்றால் காஸ்ட் செய்தால் ஸ்டிக் தானே இணையத்துக்குப் போய்த்தான் படத்தை எடுக்கும். ஹெச்டிஎம்ஐ கம்பிதான் வழி. உங்கள் போனின் யுஎஸ்பி-சி துளை படம் அனுப்பக்கூடியதா என்று வீட்டிலேயே சோதியுங்கள், எல்லாப் போன்களுக்கும் அந்த வசதி இல்லை. கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொரு படத்தையும் பத்து நொடி ஓட்டிப் பாருங்கள். காலாவதியானதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். சொந்த வீடியோக்களைப் பென் டிரைவில் கொண்டுபோவதானால் அதை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்யாதீர்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. அதற்குப் பதிலான எக்ஸ்எஃப்ஏடி முறை உங்கள் டிவிக்குப் பிடிக்கிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.